ஓடும் வண்டியில் எழுதிய பெயர்கள்

ஏடும் எழுதுகோலும் உடையோர் வரைந்ததே சரித்திரம் என்று நாம் கொண்டிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, வீடு வாசலற்ற கூலிகள் சரக்கு ரயில் பெட்டிகளின்மீது சுண்ணக்கட்டியால் தம் சரித்திரத்தை எழுதினர். ‘ஹோபோ’ என்பது இவர்கள் பெயர். பிச்சைக்காரர் அல்லர், கோதுமை அறுப்பு, மரம் வெட்டு, ரயில் பாதை போடுதல் என வேலையுள்ள இடம் நாடிச் சென்றவர். டிக்கட்டுக்குப் பணமேது? சரக்கு வண்டியில் ஒளிந்தேறினர். 1893-இல் வர்த்தகம் முறியவே இவர்கள் தொகை பெருகிற்று.

நீராவி எஞ்சின் நீர் கொள்ள ஆங்காங்கே நிற்கும். அந்த நீர்த்தொட்டியடியே இவர்கள் ஏறவும் இறங்கவும் வாய்த்த இடம். புனைபெயர், தேதி, செல்லும் திசை, இவ்வளவே அதில் எழுதுவர். வேலியில் பூனைப் படமிருந்தால் வீட்டுக்காரி இரக்கமுள்ளவள் என்பன போன்ற சங்கேதங்களைப் பத்திரிகைகள் விரித்துரைத்தன. அவற்றை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எழுத்தாளர் ஜாக் லண்டன் 1894-இல் இவர்களோடு திரிந்தார். வேலையின்றித் திரிந்த குற்றத்துக்காக நயாகராவில் பிடிபட்டு 30 நாள் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் மாண்ட்ரீலில் ஒரு நீர்த்தொட்டியில் ‘ஸ்கைசெயில் ஜாக்’ என்ற பெயரையும், அவன் மேற்கே செல்கிறான் என்ற குறிப்பையும் கண்டார். ‘மாலுமி ஜாக்’ என்ற தம் பெயரை அருகில் செதுக்கிவிட்டு, கனடாவின் மறுகரைவரை அவனைத் தொடர்ந்தார். இருவரும் சந்திக்கவேயில்லை. 1907-இல் வெளிவந்த ‘தி ரோட்’ என்னும் நூலில் இதைக் கூறுகிறார்.

தோட்டத்துச் செக்ரோலில் ஆயிரம் பெயர் எழுதியவன் நான். அவரவர் பெயரை அவரவர் எழுதியதில்லை. பிறர்தான் பேர் போடுவோம். ஹோபோ தன் பெயரைத் தானே இட்டுக்கொண்டான், தானே எழுதினான். எனக்கு அது சிறு காரியமாகத் தோன்றவில்லை.

ஆயினும், பெட்டிக்குள் அனைவரும் சமமென எண்ணிவிடலாகாது. 1931 மார்ச் 25-இல் அலபாமா மாகாணத்தில் சரக்கு வண்டியில் சென்ற கறுப்பு இளைஞர் ஒன்பதின்மர்மீது, வெள்ளைப் பெண்கள் இருவரைக் கெடுத்தனர் எனப் பொய் வழக்குப் புனையப்பட்டது. எண்மருக்கு மரண தண்டனை விதித்தனர். அது நிறைவேறவில்லை, எனினும் சிறையில் ஆண்டுகள் பல கழிந்தன. அவர்கள் பெயரை எழுதியது நீதிமன்றம்.

1950களில் டீசல் எஞ்சின் பரவவே நீர்த்தொட்டிகள் பயனற்றுப் போயின. பெட்டியெழுத்து மட்டும் நிலைத்தது. ரயில் தொழிலாளரும் அதைக் கைக்கொண்டிருந்தனர். செயின்ட் லூயி நகரத்து ஹெர்பர்ட் மேயர், பனைவகை மரமொன்றின் அடியில் அகன்ற தொப்பியுடன் உறங்கும் ஒருவனைப் பெட்டிதோறும் வரைந்து ‘ஹெர்பி’ என்று ஒப்பமிடுவார். அவர் வேலை பார்த்தது ஓரூரில். படம் நாடெங்கும் சென்றது.