நாகலிங்கப் பூ: குண்டு மரம் கோயில் மரமான கதை

நாகலிங்க மரத்தின் பூவைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அடிமரத்தைக் கிழித்துக்கொண்டு கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில், ஆள் உயரத்துக்கும் கீழேயே பூத்துக் குலுங்கும். தடித்த ஆறு இதழ்கள், உட்புறம் சிவப்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், விடியற்காலையில் தொலைவிலேயே எட்டும் வாசனை. பூவின் நடுவில் சிறு மேடு போலச் சூலகம். அதைச் சுற்றி வட்டமாக மகரந்தத் தாள்கள். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து சதைப்பற்றான பட்டை ஒன்று எழுந்து வளைந்து, நடு மேட்டின் மேல் குடை கவிக்கிறது. பட்டையின் நுனியெல்லாம் இழைகள். படமெடுத்த பலதலை நாகம், அதன் நிழலில் லிங்கம், சுற்றிலும் தொழுது நிற்கும் முனிவர்கள். ஒருமுறை இப்படிச் சொல்லக் கேட்டவருக்கு அதன்பின் வேறெதுவும் தெரிவதில்லை.

மரம் தமிழ்நாட்டுக்கு உரியது அன்று. தென்னமெரிக்காவின் வடபகுதியிலும் அமேசான் படுகையிலும் உள்ள மழைக்காடுகளே அதன் பிறப்பிடம். பிரெஞ்சு மருந்தாளுநரும் தாவரவியலாளருமான ஓப்ளே 1762 முதல் 1764 வரை பிரெஞ்சு கயானாவில் தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்தார். 1775இல் அவர் வெளியிட்ட நான்கு தொகுதி நூலில்தான் இம்மரம் ‘கூரூப்பிட்டா கயானென்சிஸ்’ என்ற பெயரைப் பெற்றது. முதற்பாதி அந்நாட்டுப் பழங்குடிகள் மரத்துக்கு வைத்திருந்த பெயரின் சுருக்கம். பிரேசில் கொட்டை மரமும், நம் நீர்க்கரைகளில் வளரும் செங்கடம்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பியர் கண்ணில் முதலில் பட்டது பூவல்ல, காய்தான். மனிதத் தலையளவு பருத்து, உருண்டு திரண்டு, பழுப்பேறித் தொங்கிய அந்தக் காய்களைக் கண்டு ‘பீரங்கிக் குண்டு மரம்’ என்றார்கள். கடலெங்கும் பீரங்கிக் கப்பல்கள் திரிந்த காலத்தில் வேறென்ன தோன்றும்!

பூவில் விலங்கைக் காண்பது தமிழுக்குப் புதிதல்ல. குறுந்தொகை ஒன்றிலேயே இதற்குப் பல சான்றுகள் உண்டு. பாறை மேல் உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூக்கள் புலிக்குட்டியாகத் தோன்றுகின்றன. குவிந்த ஆம்பல் கொக்கின் முதுகாகிறது. செங்காந்தள் பாம்பின் படத்தை நினைவூட்டுகிறது. ஆனால் புலவர்களின் அந்தப் பாம்புப் பூ நாகலிங்கம் அன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் ‘நாகம்’ என்றொரு பெயர் வருவதைக் காட்டி மரத்தின் பழமையை நிறுவ முயல்வாரும் உண்டு. அது நாகப்பூ அல்லது சுரபுன்னை என்றே கொள்ளப்படுகிறது. இரண்டும் இம்மண்ணின் மரங்கள், தோற்றத்தில் பாம்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

சைவ வழிபாட்டு மரபிலும் இம்மரத்தின் பழமைக்குச் சான்றில்லை. சிவபூசைக்குரிய எட்டு மலர்கள் என்று வழங்கும் பட்டியலில் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை உள்ளன. நாகலிங்கம் இல்லை. சிதம்பரத்துக்குத் தில்லை, காஞ்சிக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், மதுரைக்குக் கடம்பு எனப் புகழ்பெற்ற தலமரங்களிடையேயும் அதற்கு இடமில்லை. லிங்கத்தையும் நாகத்தையும் ஒருசேரத் தாங்கிய ஒரு பூ அன்று கண்முன் இருந்திருந்தால் தேவார மூவரும் அதைப் பாடாமல் விட்டிருப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். இன்று சில கோயில்களில் ‘ஆயிரம் ஆண்டு நாகலிங்க மரம்’ என்று காட்டுவார்கள். கோயிலுக்கு அந்த வயது பொருந்தலாம், மரத்துக்குப் பொருந்தாது.

ஐரோப்பியர் ஆட்சியில் தாவரவியல் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று விதைகளையும் கன்றுகளையும் அனுப்பிக்கொண்டிருந்தன. இலங்கையின் பேராதனைத் தோட்டத்துக்கு 1881இல் இம்மரம் வந்ததாகக் குறிப்பு உண்டு. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1901இல் மனைவி மேரியுடன் அங்கு வந்து நட்ட நாகலிங்க மரத்தை இன்றும் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். தோட்டத்தில் அலங்கார மரமாக நின்ற வரையில் அதற்குக் கதை எதுவும் இல்லை. அங்கிருந்து வெளியேறிக் கோயில் நந்தவனத்துக்குள் கால் வைத்த பிறகே பெயரும் புனிதமும் வந்து சேர்ந்தன. தமிழிலும் கன்னடத்திலும் நாகலிங்கம், தெலுங்கில் நாகமல்லி, இந்தியில் கைலாசபதி. பெயர்கள் வேறு, பார்வை ஒன்று: பெயர் வைத்தவர் எல்லாரும் பூவில் சிவனையோ அவன் நாகத்தையோ கண்டிருக்கிறார்கள். ஒரு பூ பூசைக்கு உரியதாக ஆகமச் சான்று வேண்டும் என்பது முறை. இங்கே உருவமே சான்றாகிவிட்டது.

பாக் நீரிணைக்கு அப்பால் அதே பூ வேறொன்றாகிவிடுகிறது. சிங்கள பௌத்தர்கள் நடு மேட்டைத் தாதுகோபம் எனப்படும் தூபியாகவும், சுற்றியுள்ள தாள்களை வணங்கும் அடியவர்களாகவும் காண்கிறார்கள். மரத்தை ‘சல்’ என்றே அழைத்து விகாரைகளில் நட்டார்கள். புத்தர் பிறந்ததும் மறைந்ததும் சால மரங்களின் அடியில் என்பது பௌத்த மரபு. ஆனால் அந்தச் சால மரம் வடஇந்தியாவிலும் நேபாளத்திலும் காடாக வளரும், வெளிர்மஞ்சள் நிறச் சிறு பூக்கள் கொண்ட வேறு மரம். குழப்பம் இலங்கையோடு நிற்கவில்லை. தாய்லாந்தின் விகாரைகளிலும் இதே மரத்தை நட்டு ‘சாலா லங்கா’ என்கிறார்கள். மரம் எந்த வழியாக வந்தது என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

பூ பாம்பைப் போல இருப்பது பாம்பைப் பார்த்தல்ல. பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். படத்தின் நுனி இழைகளில் உள்ள மகரந்தம் முளைக்கும் திறனற்றது, வண்டு தின்பதற்கென்றே விளைவது. நடு மேட்டைச் சுற்றிய வட்டத்தில் இருப்பதே விதை உண்டாக்க வல்லது. படத்துக்கும் வட்டத்துக்கும் இடையே நுழைந்து தீனி தேடும் பெரிய தச்சு வண்டின் உடலில் இந்த இரண்டாவது மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. பக்தர் நாகக் குடையாகக் காணும் வளைவு, வண்டை உரிய இடத்தில் நிறுத்திவைக்கும் கூரை.

காய் முற்ற ஓராண்டுக்கு மேலாகும். விழுந்து உடைந்தால் உள்ளிருக்கும் வெண்சதை காற்றுப்பட்டு நீலமாகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் எடுக்கும். பிறந்த காட்டில் அந்த நாற்றம் விருந்துக்கு அழைப்பு. பன்றியை ஒத்த பெக்கரி அதைத் தின்று விதைகளைப் பரப்பும். வயிற்றில் செரிக்காதபடி விதைகளின் மேல் மயிர்ப்போர்வை உண்டு. இங்கே பெக்கரி இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்தியக் காடுகளில் இம்மரத்தைக் காண முடிவதில்லை. கோயிலிலும் பூங்காவிலும் கல்லூரி வளாகத்திலும் யாரோ ஒருவர் நட்டதாகவே நிற்கிறது. தலையில் காய் விழும் என்ற அச்சத்தால் நடைபாதையை ஒட்டி இதை நடுவதைத் தோட்டக்காரர்கள் தவிர்ப்பார்கள்.

2007இல் புதுச்சேரி அரசு தன் அடையாளச் சின்னங்களை அறிவித்தபோது விலங்காக அணிலையும், பறவையாகக் குயிலையும், மரமாக வில்வத்தையும், மலராக நாகலிங்கத்தையும் தேர்ந்தெடுத்தது. ஒரு பிரெஞ்சுக் குடியேற்றத்தில் ஓப்ளே பெயரிட்ட மரத்தின் பூ, முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்றம் ஒன்றின் அடையாள மலரானது தற்செயல்தான். பட்டியலில் அதற்குத் துணையாக நிற்பதோ சிவவழிபாட்டில் பழமையான வில்வம்.