சைப்பிரஸ்: வேலிக்கு இரு பக்கமும் கடற்கரை

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கும் சார்டினியாவுக்கும் அடுத்த பெரிய தீவு சைப்பிரஸ். 9,251 சதுர கிலோமீற்றர், இலங்கையில் ஏழில் ஒரு பங்கு. பிரித்தானியர் ஆண்ட இடம் என்பதால் அங்கும் வாகனங்கள் இடது பக்கமாகத்தான் ஓடுகின்றன. பயணக் கையேடுகள் பெரும்பாலும் தெற்கை மட்டும் காட்டும், அல்லது வடக்கை மட்டும் காட்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்பேன். தெற்கின் கடற்கரைகள் ஏன் இவ்வளவு பிரபலமாகின என்பதற்கான விடையில் பாதி வடக்கில் இருக்கிறது.

மேற்கே பாஃபோஸில் தொடங்கலாம். 1962 இல் ஒரு விவசாயி உழுதபோது வெளிப்பட்ட உரோமர் கால வீடுகளின் மொசைக் தரைகள் துறைமுகத்துக்கு அருகிலேயே உள்ளன. டயோனிசஸ் வீட்டுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். 'மன்னர் கல்லறைகள்' என்ற இடத்தில் எந்த மன்னரும் இல்லை. பாறையைக் குடைந்த அந்த நிலவறைகள் அக்காலப் பிரமுகர்களுடையவை. அஃப்ரோடைட் தேவி கடல் நுரையிலிருந்து எழுந்ததாகச் சொல்லப்படும் பாறை லிமசோல் போகும் வழியில் இருக்கிறது. கூழாங்கல் கரை, நீரோட்டமும் பலம். படம் எடுத்துவிட்டுப் புறப்படலாம். எனக்குப் பிடித்தது அக்காமாஸ் பக்கத்தின் லாரா கடற்கரை. கடலாமைகளை 1978 முதல் பாதுகாத்து வருகிறார்கள். கோடையில் முட்டைக் குழிகளின் மேல் கம்பிக் கூடுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். குடை, சாய்வு நாற்காலி எதுவும் கிடையாது. பாதை கரடுமுரடு, தண்ணீர் கொண்டு போங்கள்.

மலை பிடிக்குமென்றால் ட்ரூடோஸில் சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த பத்து பைசாந்தியத் தேவாலயங்கள் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன. குளிர்காலத்தில் லார்னகா உப்பு ஏரிக்கு பூநாரைகள் வரும். ஏரிக்கரையிலேயே ஹாலா சுல்தான் தெக்கே என்ற பழைய பள்ளிவாசலும் உண்டு.

இனி அயா நாபா. நிஸ்ஸி கடற்கரையில் வெண்மணல், தெளிந்த ஆழமற்ற நீர். எதிரே உள்ள சிறு திட்டுக்கு நடந்தே போகலாம். ஓகஸ்டில் துவாய் விரிக்க இடமிருக்காது, மே அல்லது ஒக்டோபர் நல்லது. சற்றுத் தள்ளி கேப் கிரேக்கோவில் கடற்குகைகள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இது ஒரு சிறிய மீன்பிடிக் கிராமம். தீவின் சுற்றுலாத் தலைநகரம் அப்போது வடக்கே, ஃபமகுஸ்தாவின் வரோஷாவில் இருந்தது.

1974 யூலை 15 அன்று கிரேக்க இராணுவ ஆட்சியின் ஆதரவோடு தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாட்களில் துருக்கியப் படை தரையிறங்கியது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் இரண்டாவது தாக்குதல் தொடங்க, வரோஷாவின் கிரேக்க சைப்பிரியர்கள் கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். நாலைந்து நாட்களில் திரும்பலாம் என்று நினைத்தவர்களே அதிகம். துருக்கிய இராணுவம் வேலியடைத்தது. கடலோர ஹோட்டல்கள் 46 ஆண்டுகள் அப்படியே நின்று சிதைந்தன. தெற்கில் அயா நாபாவும் புரோட்டாராஸும் வளர்ந்தன. மறு திசையிலும் ஓட்டம் இருந்தது. 1963 வன்முறையிலிருந்தே கிராமங்களை இழந்துவந்த துருக்கிய சைப்பிரியர்கள் தெற்கைவிட்டு வடக்கே போனார்கள்.

வரோஷாவில் அதன் சொந்த மக்களைத் தவிர வேறு எவரையும் குடியேற்ற முடியாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1984 இல் 550 ஆம் தீர்மானத்தில் கூறியது. 2020 ஒக்டோபர் 8 அன்று துருக்கிய சைப்பிரிய நிர்வாகம் அதன் ஒரு பகுதியைப் பார்வையாளர்களுக்குத் திறந்தது. இப்போது சைக்கிள் வாடகைக்கு எடுத்து உள்ளே சுற்றலாம். வீதி புதிதாகத் தார் போடப்பட்டிருக்கிறது, இரு பக்கமும் கயிறு கட்டி 'உள்ளே போகாதே' என்று எழுதியிருக்கிறது. பல்கனிகளில் மரம் முளைத்திருக்கிறது. வலிகாமம் வடக்கில் வேலிக்கு வெளியே நின்று தன் வீட்டுக் கூரையைத் தேடியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

புரோட்டாராஸில் நான் அறை எடுத்த வீட்டுக்காரர் வரோஷாவில் பிறந்தவர். திறந்த பின்னும் அவர் போகவில்லை. சொந்த ஊரைப் பார்க்க கடவுச்சீட்டு காட்ட வேண்டுமா என்பது அவர் கேள்வி. போய்ப் பார்த்து அழுதுவிட்டு வரும் அயலவர்களும் அவருக்கு இருக்கிறார்கள். அங்கே கடல் மிக அழகு, மணல் பொன்னிறம். நான் பார்த்தேன், குளிக்கவில்லை. பார்க்காமல் விடவேண்டாம் என்றுதான் உங்களுக்கும் சொல்வேன். குளிப்பது உங்கள் முடிவு.

ஃபமகுஸ்தாவின் மதிலுக்குள் இருக்கும் லாலா முஸ்தபா பாஷா பள்ளிவாசலைத் தவறவிடாதீர்கள். 14 ஆம் நூற்றாண்டின் கோதிக் தேவாலயம் அது, ஒட்டோமன்கள் 1571 இல் நகரைப் பிடித்தபின் மினாரா சேர்ந்தது. வடக்கே சலாமிஸ் இடிபாடுகள். கைரீனியா கோட்டைக்குள், ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கிரேக்க வணிகக் கப்பல் இருக்கிறது. அதிலிருந்த பாதாம் பருப்புகளும் கிடைத்தன. நேரமிருந்தால் கார்பாஸ் முனை வரை போங்கள். நீண்ட வெறுங்கரை, கட்டாக்காலிக் கழுதைகள், இரு சமூகத்தவரும் சேர்ந்த குழு புனரமைத்த அப்போஸ்தலோஸ் அந்திரேயாஸ் மடாலயம்.

தலைநகர் நிக்கோசியாவில் லெட்ரா வீதிச் சோதனைச்சாவடி 2008 இல் திறக்கப்பட்டது. கடைவீதியின் நடுவே கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நடந்து மறு பக்கம் போகலாம். ஐ.நா. காவல் காக்கும் இடைவலயத்தில், கைவிடப்பட்ட பழைய விமான நிலையப் பகுதியில், காணாமல் போனோருக்கான குழுவின் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே நீங்கள் போக முடியாது, ஆனால் அது அங்கே இருப்பதை அறிந்திருங்கள். பட்டியலில் 2,002 பெயர்கள்: 1,510 கிரேக்கர், 492 துருக்கியர். இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் எலும்புகளை அடுக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து போகிறவர் இதைத் தெரியாமல் திரும்பக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிக்கோசியா பூங்காக்களில் சிங்களமும் தமிழும் கேட்கும். வீட்டு வேலைக்கு வந்த நம் நாட்டுப் பெண்களின் விடுமுறை நாள் அது. எந்த பஸ், எங்கே மலிவுச் சாப்பாடு என்று கேட்க அவர்களைவிட நல்ல ஆட்கள் இல்லை.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். லார்னகா அல்லது பாஃபோஸ் வழியாகவே இறங்குங்கள். வடக்கின் எர்ஜான் விமான நிலையத்தில் இறங்குவதை சைப்பிரஸ் குடியரசு சட்டவிரோத நுழைவாகக் கருதுகிறது. வாடகைக் காரில் வடக்கே போவதானால் நிறுவனத்தின் அனுமதியை முதலில் கேளுங்கள், அங்கே செல்லுபடியாகும் காப்புறுதியைச் சோதனைச்சாவடியில் தனியாக வாங்க வேண்டும். தெற்கில் யூரோ, வடக்கில் துருக்கிய லிரா. சாப்பாட்டில் தெற்கே ஹலூமி, வடக்கே ஹெலிம் என்று கேளுங்கள். பெயர் இரண்டு, சீஸ் ஒன்று. சுட்டு, வத்தகப்பழத்தோடு தருவார்கள்.