இயந்திரம் நுழையாத அறை

சிவகாசியின் தொழில் வரலாற்றைக் கைத்தொழிலின் வரலாறாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அதன் தொடக்கத்தில் இயந்திரம் இருந்தது. 1920களின் முற்பகுதியில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் முதலில் ஜெர்மானிய இயந்திரங்களையே தருவித்தனர். வானம் பார்த்த அக்கரிசல் பூமியில் கூலி, இயந்திரத்தைவிட மலிவாக இருந்தது. எனவே தொழில் கைக்கு மாறியது. மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் ஸ்வீடன் நாட்டாரின் விம்கோ ஆலை இயந்திரங்களால் தீக்குச்சி செய்துகொண்டிருக்க, இங்கே கட்டை அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல் எனத் தொழில் பல கைகளுக்குப் பிரிந்தது. கைத் தீப்பெட்டிக்குக் கிடைத்த கலால் வரிச் சலுகை அதனைக் காத்தது.

அக்கைகளுள் சிறார் கைகளும் இருந்தன என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம். 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அதே 1996இல், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கோல்கேட், பெஷ்கின் என்னும் பேராசிரியர் இருவர் 'கோபாட்' என்னும் கருவியை உலகுக்கு அறிமுகம் செய்தனர். ஆலையில் பொருள்களைப் பொருத்தும்போது மனிதன் விசை தருவான். கருவி வழி நடத்தும். மனிதனை விலக்காது அவனோடு கூடி உழைக்கும் இயந்திரம் என்னும் ஆய்வுத்துறை இவ்வாறு வலுப்பெற்றது. 2016இல் வெளியான ஐஎஸ்ஓ 15066 என்னும் ஆவணம், அத்தகைய இயந்திரம் மனித உடலின் எப்பகுதியில் எவ்வளவு அழுத்தம் வரை படலாம் என்றுகூட வரையறுத்தது. சுமையும் சலிப்பும் ஆபத்தும் இயந்திரத்துக்கு, தேர்ச்சியும் தீர்ப்பும் மனிதனுக்கு என்பதே இத்துறையின் அடிப்படைப் பங்கீடு.

இவ்வளவுகோலைக் கொண்டு பட்டாசுத் தொழிலை நோக்கினால் பங்கீடு தலைகீழாக இருப்பதைக் காணலாம். வண்ணச் சீட்டுகளை ஆப்செட் இயந்திரம் அச்சிடுகிறது. மருந்து கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் மனிதக் கைகளிடமே இருக்கின்றன. சிறு உராய்வு போதும், ஓர் அறை சிதற. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்.

இயந்திரம் அவ்வறைக்குள் நுழையாததற்குக் காரணங்கள் உண்டு. மோட்டாரின் ஒரு பொறியே அங்கு எமனாகும். பொறி எழாத கருவிக்கு விலை அதிகம். பட்டாசு வகைகளோ பல. வகைக்கொரு கலவை, வகைக்கோர் அளவு. இயந்திரம் வந்தால் பிழைப்புப் போகும் என்னும் தொழிலாளரின் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று.

ஆயினும், கையா இயந்திரமா என்னும் பழைய வினாவை இனியும் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த அறைக்கு முதலில் இயந்திரம் வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. திரி வைப்பவரின் வேலையைப் பறிக்காமல், மருந்து கலப்பவரைச் சுவருக்கு அப்பால் நிறுத்தி அங்கிருந்தே இயக்கச் செய்யும் ஒரு கருவி போதும், அத்திசையில் முதல் அடி வைக்க. 1920களில் கூலியை மட்டும் கணக்கிட்டு இயந்திரத்தை விலக்கினோம். இம்முறை உயிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.