இரவில் போக நான்கு இடங்கள்

எங்கள் ஊரில் பெண்கள் இரவில் வெளியே போக நான்கு இடங்கள் இருந்தன. கோவில், நாடகம், சாவு வீடு, கருவேலங்காடு. முதல் இரண்டும் வருடத்தில் சில நாட்கள். மூன்றாவது எப்போது வரும் என்று தெரியாது. நான்காவது தினமும் உண்டு. வீட்டில் கழிப்பறை இல்லாத பெண்கள் பொழுது சாய்ந்தபின் நாலைந்து பேராகச் சேர்ந்து போய் ஒதுங்கிவிட்டு வருவார்கள். தவறினால் விடியும் முன் எழுந்து போக வேண்டும். இருட்டுக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்த அதே ஊர், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இருட்டை எங்களுக்கு ஒதுக்கியிருந்தது.

கண்டரமாணிக்கத்திலிருந்து நான் சென்னைக்குப் படிக்கக் கிளம்பியபோது அப்பத்தா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அங்கிட்டு ராத்திரியில எங்கத்தா போவ?" அது கேட்டது கழிப்பறையைப் பற்றி. நான் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு சிரித்தேன். பல வருடம் கழித்து, பெண்களும் இரவும் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், அதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்று புரிந்தது. ஒரு பெருநகரத்தில் இரவில் ஒரு பெண் எங்கே போவாள்? போன பெண்கள் யார், எதற்குப் போனார்கள், அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளின் பின்னால் போகிறது.

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடிப்பார்கள். நான் அந்த வீடுகளை இரவின் வரைபடமாகப் பார்க்கிறேன். தெருவைப் பார்த்த முகப்பும் திண்ணையும் ஆண்களுடையவை. உள்ளே வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. பெண்களின் இடம் உள்ளே போகப் போக விரியும். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போய் வருடக்கணக்கில் திரும்பாத காலத்தில், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் ஆச்சிகள் எத்தனையோ இரவுகளைக் கழித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வானம் வளவின் திறந்த முற்றம் அளவுக்குத்தான்.

அப்பத்தா அப்படி ஒரு வீட்டில் வேலை செய்தது. நெல் குத்துவது, பித்தளை விளக்குவது, விசேஷ நாட்களில் பலகாரத்துக்கு மாவு இடிப்பது. வேலை முடிந்து இரவு ஒன்பதோ பத்தோ ஆனாலும் தனியாகத்தான் தெருவில் நடந்து வீட்டுக்கு வரும். ஆச்சி வாசலைத் தாண்டினால் குடும்ப மானம் போய்விடும்; அப்பத்தா ஊரையே தாண்டி நடக்கலாம். இரவு ஆபத்தானது என்ற பேச்சு எல்லாப் பெண்களையும் மனதில் வைத்துப் பேசப்பட்டதல்ல. யாருடைய மானம் சொத்தாகக் கருதப்பட்டதோ அவர்களைப் பற்றி மட்டுமே அது கவலைப்பட்டது.

இன்னொரு வகைப் பெண் இரவில் ஊருக்குள் வருவாள். அவள் நாடக நடிகை. எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் இருக்க வேண்டும். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த வழியில் வள்ளி திருமணம்தான் பெரும்பாலும். ஒத்திகை கிடையாது, ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். பொட்டலில் கயிறு கட்டி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்வோம். பாயும் போர்வையும் கொண்டுபோய்க் குழந்தைகளைக் கிடத்திவிட்டு விடிய விடியப் பார்ப்போம்.

மேடையில் இருந்த பெண்ணையும் அவளைப் பார்த்த பெண்களையும் பிரித்தது அந்தக் கயிறு இல்லை. நாங்கள் ஊராரோடு வந்தவர்கள், அவள் ஊரார் முன் வந்தவள். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதிய நூல் 2005இல் வந்தது. நடிகைகள் நாடகத்துக்குப் போய்வரும் வழியில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. பஸ்ஸில், வேனில், கூட்டத்தின் நடுவில் தங்களைச் சுற்றி ஒரு சின்ன வீட்டை உருவாக்கிக்கொண்டு, குடும்பப் பெண்ணாகத் தெரிய அவர்கள் எவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருடா வருடம் கைதட்டிப் பார்த்த பெண், விடிந்ததும் எங்கள் கண்ணில் படாமல் ஊரைவிட்டுப் போக என்ன பாடுபட்டிருப்பாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தலைநகரிலும் இந்தப் பிரிவினை உண்டு. அங்கே அதைச் சட்டமும் சபாவும் சேர்ந்து செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு மாலைப்பொழுதை எங்கே கழிக்கலாம் என்று கேட்டால், சங்கீதம் தெரிந்தவர்கள் ஜார்ஜ் டவுனைக் காட்டியிருப்பார்கள். அங்கே வீணை தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பு நடக்கும். பெரிய வித்வான்களும் அங்கே போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பெண்ணின் வீடு, அவள் குறித்த நேரம், அவள் விதித்த அமைதி. அந்தி சாய்ந்தபின் ஆண்கள் ஒரு பெண்ணின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்த இடம் அந்த நகரத்தில் வேறு அதிகம் இருந்திருக்காது. 1938இல் தனம்மாள் இறந்தார். அவருடைய பேத்திதான் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி.

அந்த மாலைகளை நடத்திய பெண்கள் தேவதாசி மரபினர். அந்த முறைக்குள் இருந்த சுரண்டலை மறைத்துவிட்டு இதைச் சொல்லக்கூடாது. சிறுமிகள் பொட்டுக்கட்டப்படுவதை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டம் நியாயமானது. ஆனால் 1947இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதை மட்டும் தடுத்து நிற்கவில்லை. கோவில்களிலும் ஊர்வலங்களிலும் அவர்கள் ஆடுவதையும் தடுத்தது. இதற்கிடையில் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதமி போன்ற சபாக்கள் கலையை மேடைக்குக் கொண்டுவந்தன. 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். ‘நல்ல குடும்பத்து’ப் பெண்கள் ஆடவும் பாடவும் கேட்கவும் மாலையில் வெளியே வர வழி திறந்தது. அந்த வழியைக் காலங்காலமாக நடந்து தேய்த்த பெண்களில் பலருக்கு மேடை கிடைக்கவில்லை. மார்கழி சீசனில் சபா கான்டீனில் தோழிகளோடு ஒன்பது மணிவரை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு இந்த நாற்காலி யாரிடமிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி வேலைக்கு வருவோம். 1906இல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடிப் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதையே எடுத்துக்கொண்டது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில் மட்டுமே பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாம் என்றது. அந்த நூற்றாண்டின் ஆலைகளில் வேலை எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பது தெரிந்தால், இதை வெறும் ஆணாதிக்கம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழித்திருந்த நர்சுக்கும், தெருக் கூட்டியவருக்கும், விடியும் முன் சந்தைக்குக் கூடை சுமந்தவருக்கும் அந்தப் பாதுகாப்பு ஒருநாளும் நீட்டப்படவில்லை. கூலி கூடுதலாகக் கிடைத்த ஆலை வேலைக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கூடவே, இரவில் பெண்களை வேலைக்கு வைப்பவர்கள் போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. பெண்ணை வீட்டில் வைப்பதற்குப் பதில் பொறுப்பை முதலாளியிடம் வைத்த தீர்ப்பு அது. அதே வருடம்தான் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. 2019இல் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்தபோது, பெண்கள் எழுத்து மூலம் சம்மதம் தந்தால் இரவு 8 மணிக்கு மேலும் வேலை செய்யலாம் என்றது. ஆக, சென்னையின் இரவில் பெண்ணுக்கு இன்று இடம் இருக்கிறது. ஒரு நிபந்தனை: அவள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

நான் தங்கிய விடுதியில் வேலையும் எடுபடாது. மாலை ஆறரைக்குக் கதவு சாத்தப்படும். பக்கத்து ஆண்கள் விடுதிக்குக் கதவு இருந்ததே எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. அது சாத்தியதைப் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்பார்கள். 2015இல் டெல்லியில் ஜாமியா மாணவிகளுக்கு இரவு அனுமதி ரத்தானபோது பிஞ்ஜ்ரா தோட் இயக்கம் பிறந்தது. கூண்டை உடை என்று பொருள். எங்கள் அறையில் அதைப் பற்றிப் படித்துவிட்டு ஆறரைக்குள் திரும்பி வந்துவிடுவோம். சென்னையைப் பதறவைத்த கொடுமைகளை நினைத்துப் பாருங்கள். 1998இல் ஒரு கல்லூரி மாணவி கேலிக் கும்பலால் உயிரிழந்தது பகலில். 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டது காலை ஆறரை மணி வாக்கில். கடிகாரத்தைப் பார்த்து எந்த விடுதியும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது.

பிறகு 2017 ஜனவரி வந்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து சிராவயலில் பொங்கலையொட்டி மஞ்சுவிரட்டு நடக்கும். அங்கே பொட்டலுக்குள் என்னைப் போன்றவர்கள் இறங்கியதில்லை. தூரத்தில் நின்று புழுதியைப் பார்ப்போம். அந்த மாட்டின் பெயரால்தான் நான் முதன்முதலாக ஒரு கடற்கரையில் விடிய விடிய உட்கார்ந்தேன் என்பது வேடிக்கை. கைபேசி விளக்குகள், பறை, பாட்டு, யாரோ கொண்டுவந்த சாம்பார் சாதப் பொட்டலம். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கடலைக் கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாவின் கேள்வி அங்கே நிஜமாகவே எழுந்தது: எங்கே போவது? நடுக்குப்பத்தில் ஒரு மீனவ அக்கா கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, கூச்சப்படாத" என்றார்.

23ஆம் தேதி காலை போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. ஓடியவர்களுக்கு நடுக்குப்பம் பெண்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். அன்று அவர்களுடைய மீன் சந்தை தீக்கிரையானது. நாங்கள் விடுதிக்கும் ஊருக்கும் திரும்பினோம். எங்களுக்கு அந்த இரவுகள் ஒரு நினைவு. அவர்களுக்கு அது பிழைப்பு போன நாள். என் சுதந்திரத்தின் கணக்கில் அந்தச் செலவையும் எழுதாமல் இருக்க முடியாது.

2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் இரவும் பகலும் இருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஊர் தூங்கியபின் தெருவைக் கூட்டும்போது அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றிக் கேட்காத நகரம், அதே இரவில் அவர்கள் உட்கார்ந்தபோதுதான் அவர்களைக் கவனித்தது.

ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையைப் பற்றி 2011இல் வெளியிட்ட நூலில், காரணம் எதுவும் இல்லாமல் பொது இடத்தில் சுற்றித் திரியும் உரிமையைக் கேட்கிறார்கள். தமிழில் இதற்கு நம்மிடம் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: சும்மா. "எங்கடா போற?" என்றால் பையன்கள் "சும்மா" என்பார்கள். கேள்வி அத்தோடு முடிந்துவிடும். நம்மால் அதைச் சொல்ல முடியாது. கோவிலுக்கு, துக்கத்துக்கு, ஷிப்டுக்கு, போராட்டத்துக்கு என்று ஏதாவது ஒரு ‘கு’ நமக்கு வேண்டும்.

போன திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது வீட்டில் கழிப்பறை இருக்கிறது. அப்பத்தாவுக்கு முட்டி தேய்ந்தபின்தான் அது வந்தது. நாடகத்தில் பபூன் காட்சி முடிந்தபோது மணி இரண்டு. நானும் சித்தி மகளும் எழுந்து, ஆண்கள் மட்டும் நின்றிருந்த டீக்கடைக்குப் போனோம். பேச்சு ஒரு நிமிடம் நின்றது. கடைக்கார மாமா, "என்னத்தா, யாருக்கும் வாங்கிட்டுப் போகணுமா?" என்றார்.

"இல்ல மாமா. சும்மாதான் வந்தோம். ரெண்டு டீ."

அவர் ஆற்றிக் கொடுத்தார். அங்கேயே நின்று குடித்தோம்.