ஐபோனில் ஃப்ளாஷ் ஏன் ஓடவில்லை?

2010 ஜனவரி 27. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சோபாவில் உட்கார்ந்து ஐபேடை முதன்முதலாகக் காட்டிக் கொண்டிருந்தார். நியூயார்க் டைம்ஸ் தளத்தைத் திறந்து விரலால் தள்ளினால், பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெற்றுக் கட்டமாக நின்றது. அங்கே ஓடியிருக்க வேண்டியது ஃப்ளாஷ். (அதை மறைக்கக்கூட மனிதர் மெனக்கெடவில்லை!)

அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை உலாவிகளுக்குத் தாமாக வீடியோ காட்டத் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு பிளக்-இன் நிறுவ வேண்டும். அவற்றில் பெரிய ஆள் ஃப்ளாஷ். மேக்ரோமீடியா வளர்த்த இதை 2005ல் கம்பெனியோடு சேர்த்து அடோபி வாங்கியது. அதே வருடம் பிறந்த யூடியூப் ஓடியதும் ஃப்ளாஷை நம்பித்தான். விளையாட்டுகள், விளம்பரங்கள், கார்ட்டூன்கள் எல்லாமே அதில்தான்.

ஆனால் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐபோனில் ஃப்ளாஷ் இல்லை. முழு இணையமும் ஐபோனில் உண்டு என்கிற மாதிரி வந்த டிவி விளம்பரத்தை, ஃப்ளாஷும் ஜாவாவும் இல்லாததைக் காட்டி 2008ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை செய்தது.

ஏன் இல்லை? 2010 ஏப்ரல் 29 அன்று ஜாப்ஸ் ஒரு நீண்ட கடிதமே எழுதினார். ஃப்ளாஷ் அடிக்கடி முடங்குகிறது, பாதுகாப்பு ஓட்டைகள் அதிகம், மவுஸுக்காகச் செய்த பக்கங்கள் விரலுக்குச் சரிவராது என்றார். பேட்டரி கணக்கும் சொன்னார். எச்.264 வீடியோவை சிப்பே நேரடியாக விரித்துக் காட்டினால் 10 மணி நேரம் வரை ஓடும். மென்பொருள் அந்த வேலையைச் செய்தால் 5 மணி நேரம்கூடத் தாங்காது. இதெல்லாம் நியாயம்தான்.

ஆனால் அதே ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. ஃப்ளாஷில் செய்ததை ஐபோன் ஆப்பாகவே மாற்றித் தரும் வசதியை அடோபி கொண்டு வந்தது. இதில் உலாவியும் இல்லை, பிளக்-இன்னும் இல்லை. அது வெளிவருவதற்கு முன்பே ஆப்பிள் விதியை மாற்றி அதையும் தடுத்தது! நடுவில் இன்னொரு கம்பெனியின் கருவி நின்றால், ஐபோனின் புது வசதிகள் அந்தக் கம்பெனி மனது வைத்தால்தான் ஆப்களுக்கு வரும் என்பது வாதம். எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் இதுதான் என்று கடிதத்திலேயே ஒப்புக்கொண்டார் ஜாப்ஸ். ஆக, பேட்டரியை விடப் பெரிய கவலை பிடி யார் கையில் என்பதுதான். அப்போது ஆப் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு ஆப்பிலும் ஆப்பிளுக்கு 30 சதவீதம். உலாவியில் இலவசமாக ஓடும் ஃப்ளாஷ் விளையாட்டில் ஒரு பைசா கிடையாது. கடிதத்தில் இந்தக் கணக்கு மட்டும் இல்லை. (எதிர்ப்பு வலுக்கவே செப்டம்பரில் அந்த விதி தளர்ந்தது.)

அடோபிக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 2010ல் ஆண்ட்ராய்டு 2.2 போன்களில் ஃப்ளாஷ் வந்தது. அங்கே நன்றாக ஓடியிருந்தால் ஜாப்ஸ் வாய் அடைபட்டிருக்கும். ஓடவில்லை. திக்கித் திணறியது. 2011 நவம்பரில் செல்போன் ஃப்ளாஷை இனி வளர்ப்பதில்லை என்று அடோபியே அறிவித்தது. ஜாப்ஸ் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

2020 டிசம்பர் 31ல் கம்ப்யூட்டரிலும் ஃப்ளாஷுக்கு மூடுவிழா. அதில் செய்த ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அப்படியே அநாதையாயின. அவற்றை மீட்க ஆர்வலர்கள் எழுதிய ரஃபிள் என்ற இலவச மென்பொருளுக்கு பிளக்-இன் எதுவும் வேண்டாம். பழைய ஃப்ளாஷ் கார்ட்டூன்கள் இன்று அதன் வழியாக ஐபோன் உலாவியிலும் ஓடுகின்றன.