நூல்வழி அறியும் கடற்கரை: கொற்கைத் துறையின் இடப்பெயர்ச்சி

சங்கப் பாடல்கள் முத்துக்குப் பெயர்பெற்ற துறையாகப் போற்றும் கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளடங்கிய சிற்றூராகும். நூலில் துறையும் களத்தில் வயலுமாகத் தோன்றும் இம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'பெரிப்ளஸ்' கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ காயலையே பெருந்துறையாகக் காட்டுகிறார். 1881இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல், தாமிரபரணியின் வண்டலால் கொற்கை தூர்ந்ததையும் அதன் இடத்தைக் காயல் பெற்றதையும் விளக்குகிறார். ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009) புதினத்திற்கோ தூத்துக்குடியே களம்.

இந்நூல்களைத் தனித்தனியே சான்றாகக் கொள்வோர், ஒரு பெயரின்கீழ் வெவ்வேறு கரைகளை ஒன்றெனக் கருத நேரும். ஆற்று முகத்துவாரத்தின் மாற்றத்தோடு பொருத்திக் கால வரிசையில் கற்கும்போதே துறை நகர்ந்த வரலாறு தெளிவாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. முத்துக்குளிப்பில் ஈடுபட்டோரைத் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது 'பெரிப்ளஸ்'. புதினமோ பரதவர் வாழ்வை உள்ளிருந்து எழுதுகிறது. முன்னது வணிகர் பார்வை; பின்னது சமூக நினைவு. இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தாது. ஆகவே, நெய்தல் நில வரலாற்றை எழுதுவோர்க்கு நூற்பயிற்சியும் கரைவழிக் கள ஆய்வும் ஒருங்கே இன்றியமையாதன.