ஒரு ஜெனரலின் நாவல் பிறந்த கதை

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிடும்: கடலுக்குப் போகாதீர்கள். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டில் இருக்கிறது இந்தக் குப்பம். அதே கரையோரம் வடக்கே போனால் ஏவுதளம். 1980 ஜூலை 18 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் முதல் கட்ட மோட்டாரையே பிறகு அக்னி ஏவுகணைக்கும் பயன்படுத்தினார்கள். அக்னி 1989 மே 22 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து முதல் முறை பறந்தது.

அந்த ஏவுகணை சுமக்க வேண்டிய அணுகுண்டை இந்தியா 1974-லேயே பொக்ரானில் வெடித்துப் பார்த்தாயிற்று. சுமந்து செல்ல ஏவுகணையும் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் அதை எப்போது, எதற்காக, யார் உத்தரவின் பேரில் பயன்படுத்துவது? நாட்டுக்கு முன்னால் வைக்கப்பட்ட கொள்கை எதுவும் இல்லை. இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. 1928-ல் செங்கல்பட்டில் பிறந்தவர். பழவேற்காடும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அந்தத் துரத்தல் கடைசியில் ஒரு நாவலில் போய் முடிந்தது.

முதல் அடியை அவர் எடுத்து வைத்தது 1981-ல், மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில். அங்கிருந்த ராணுவப் போர்க் கல்லூரிக்கு அப்போது அவர்தான் தலைவர். அணு ஆயுதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச ராணுவம் தயங்கிய காலம் அது. அவர் அஞ்சல் வழியே ஒரு கருத்தரங்கு நடத்தினார். பகை நாட்டிடம் அணுகுண்டு இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் நம் டாங்கிகளும் காலாட்படையும் எந்த அளவுக்குப் பயன்படும் என்று கேட்டுக் கடிதங்கள் போயின. வந்த பதில்கள் 'காம்பேட் பேப்பர்ஸ்' என்ற வெளியீடுகளாயின.

ராணுவத்தில் இப்படிப்பட்ட கேள்விகளைச் சோதித்துப் பார்க்கப் போர்விளையாட்டு என்றொரு முறை உண்டு. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் அதற்கு முறையான விதிகள் வகுத்துக் கொடுத்தார். வரைபடத்தின் மேல் இரண்டு அணிகள் படைக் கட்டைகளை நகர்த்தும். சேதத்தைப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வோர் அணிக்கும் எவ்வளவு தெரியலாம் என்பதை நடுவர் முடிவு செய்வார். நம் அதிகாரிகளில் சிலர் எதிரியாக உட்கார்ந்து, உண்மையாகவே ஜெயிக்கப் பார்க்க வேண்டும்.

சுந்தர்ஜி 1986-ல் தரைப்படைத் தளபதியானார். அந்த ஆண்டு இறுதியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் 'பிராஸ்டாக்ஸ்' பயிற்சி தொடங்கியது. லட்சக்கணக்கான வீரர்கள், நிஜ டாங்கிகள், நிஜ எல்லை. எதிரணியும் நிஜமாகவே களத்தில் இறங்கிவிட்டது. பாகிஸ்தான் தன் படைகளைப் பஞ்சாப் எல்லைப் பக்கம் நகர்த்தியது. 1987 ஜனவரியில் இரண்டு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன. பிப்ரவரி 4 அன்று படைகளைப் படிப்படியாக விலக்க உடன்பாடு ஏற்பட்டது. அதே மாதம் பாகிஸ்தான் அதிபர் ஜெனரல் ஜியா கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார். மார்ச் 1 அன்று லண்டன் 'அப்சர்வர்' ஏடு, பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கான் இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் பேசியதை வெளியிட்டது. பாகிஸ்தானிடம் குண்டு இருக்கிறது என்பதே அதன் சாரம். 1981-ல் அனுமானமாகக் கேட்ட கேள்வி ஆறே ஆண்டுகளில் வாசலுக்கு வந்துவிட்டது.

பிராஸ்டாக்ஸ் வெறும் பயிற்சிதானா, டெல்லித் தலைவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. போர்விளையாட்டின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. எதிரியின் நாற்காலியில் உட்கார எப்போதும் ஓர் அதிகாரி கிடைப்பார். நம் பிரதமரின் நாற்காலியில் யார் உட்காருவது? ராணுவ ஆட்டத்தில் அந்த இடம் பெரும்பாலும் காலி. அரசு தெளிவான முடிவைச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் ஆட்டமே தொடங்கும்.

ரகசிய வளையத்துக்குள் நிறைவேறாததைக் கதையில் தேடியவர் சுந்தர்ஜி மட்டுமல்ல. அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி விளையாட்டு ரகசியமாக இருந்ததால், அந்தப் படையில் பணியாற்றிய லாரி பாண்ட் பொதுவில் கிடைத்த தகவல்களைக் கொண்டு 'ஹார்ப்பூன்' என்ற கடற்போர் விளையாட்டை உருவாக்கி 1980-ல் வெளியிட்டார். டாம் கிளான்சியும் அவரும் சேர்ந்து உழைத்த நாவல் 'ரெட் ஸ்டார்ம் ரைசிங்', பிராஸ்டாக்ஸ் தொடங்கிய அதே 1986-ல் வந்தது. அதன் கடற்போர்க் காட்சிகள் சிலவற்றை ஹார்ப்பூனில் ஆடிப் பார்த்துத்தான் எழுதினார்கள். அவர்களுக்கு ஏவுகணையும் கப்பலும் கதையாயின. சுந்தர்ஜிக்குக் கதையானது கூட்ட அறை.

1988-ல் ஓய்வு பெற்ற அவர் 1993-ல் வெளியிட்ட ஆங்கில நாவல் 'பிளைண்ட் மென் ஆஃப் ஹிந்துஸ்தான்' (ஹிந்துஸ்தானின் குருடர்கள்). யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை எல்லோருக்கும் தெரியும். இவர் சொல்லும் குருடர்கள் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் அல்ல, கொள்கை இல்லாமலே அணுப்போருக்குள் தடுமாறிப் போகும் நம்மவர்கள். கதை மெல்லிய போர்வைதான். உள்ளே இருப்பது வாதம்: குண்டுகளைக் குவிக்க வேண்டியதில்லை, எதிரியின் முதல் அடியைத் தாங்கிய பிறகும் திருப்பி அடிக்கப் போதுமானவை இருந்தால் சரி, ஆனால் அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். காலியாகக் கிடந்த நாற்காலியில் அவர் கதாபாத்திரங்களை உட்கார வைத்தார்.

அவருடைய சொந்தக் கணக்குகளும் தப்பியதுண்டு. 1987 அக்டோபரில் இலங்கையில் விடுதலைப் புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க, சுலபமாக முடியும் என்று எதிர்பார்த்த இந்தியப் படைக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர்தான் அப்போது தளபதி. எதிரியைக் குறைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டு வெடித்தன. சுந்தர்ஜி 1999 பிப்ரவரி 8 அன்று காலமானார். ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, இந்தியாவின் அணுக்கொள்கை வரைவு வெளியானது: முதலில் பயன்படுத்த மாட்டோம், நம்பத்தக்க குறைந்தபட்ச அளவு போதும், உத்தரவு அரசியல் தலைமையிடமிருந்தே வரும். 2003 ஜனவரியில் அரசு அதை அதிகாரபூர்வமாக்கியது. மாவ் நகரத்துக் கடிதங்களுக்கு டெல்லியிலிருந்து பதில் வர 22 ஆண்டுகள் ஆயின.